தேத்தண்ணித் தட்டோடு சொன்ன பிரார்த்தனை

போன ஒக்டோபர் மாதம், மொன்றியலில், லாசாலில் உள்ள எங்கள் அப்பார்ட்மென்டில் நடந்தது இது.

செபமாலை மாதம் வந்தால் எங்கள் தேவாலயப் பங்குத் தமிழ் ஆட்கள் நாங்கள் மாதா சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோவோம். எந்த வீட்டுக்கு மாதா வருகிறாவோ, அந்த வீட்டுக்காரர்தான் அன்று செபத்தை நடத்த வேண்டும். எங்கள் வீட்டில் அது எப்போதும் என் மனைவியின் வேலை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கூச்சக்காரன். நாலு பேர் சேர்ந்தால் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றத் தொடங்கிவிடுவேன்.

அந்தக் கோடையில்தான் என் மனைவிக்கு முன்பே இருந்த புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது என்று டொக்டர் சொன்னார். சுகப்படுத்த முடியாது, மருந்தால் அடக்கி வைத்துக்கொண்டு வாழலாம், அவ்வளவுதான். அன்றோடு நான் செபம் சொல்வதை விட்டுவிட்டேன். இனி என்னத்தைக் கேட்பது என்று இருந்தது. அவள் விடவில்லை.

மருந்து ஏற்றி ஏற்றி அவள் குரல் வெறும் காற்றாகியிருந்தது. இந்த முறை மாதாவை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றேன்.

“மாதா வாற நேரம் கதவைப் பூட்டச் சொல்லுறீங்களோ? நீங்கள் போய்த் தேத்தண்ணியைப் பாருங்கோ.”

தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, கதிரையில் இருந்தபடி நடத்தினாள். செபமாலை முடியும்வரை தாக்குப்பிடித்தாள். மாதாவை ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கூப்பிடும் பிரார்த்தனையில் பாதி போனபோது குரல் நின்றுவிட்டது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பாட்டுக்குழுவை நடத்தும் பெண் புத்தகத்தை வாங்கக் கை நீட்டினாள். என் மனைவி கொடுக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றேன். அடுத்த பெயர் என் வாயில் தானாக வந்தது. இத்தனை வருடமும் தேத்தண்ணி வடித்தபடி அவள் சொல்லக் கேட்டதெல்லாம் உள்ளே இருந்திருக்கிறது! தட்டைக்கூடக் கீழே வைக்காமல் சொல்லிக்கொண்டே போனேன். “நோயாளிகளின் ஆரோக்கியமே” என்ற இடத்தில் அடுத்தது மறந்துபோனது. பதற்றத்தில் அதையே திரும்பச் சொன்னேன். பிறகும் அதுதான் வந்தது. ஒருவரும் திருத்தவில்லை. “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று ஒவ்வொரு தடவையும் வீடே பதில் சொன்னது, முன்னதைவிடச் சத்தமாக. கோடையிலிருந்து என் நெஞ்சை அடைத்துக் கிடந்தது அந்தச் சத்தத்தில்தான் இளகியது. அடுத்த பெயரை அவளே கிசுகிசுப்பாக எடுத்துத் தந்தாள். சொல்லி முடித்தேன்.

“அண்ணை, தேத்தண்ணி ஆறிப் பச்சைத் தண்ணியாப் போச்சு” என்றாள் பாட்டுக்குழுப் பெண்.

“இவ்வளவு காலமும் ஊமையைக் கட்டிட்டன் எண்டெல்லோ நினைச்சன்” என்று என் மனைவி அந்தக் காற்றுக் குரலிலேயே எல்லோருக்கும் முன்னால் சொல்லிச் சிரித்தாள். எங்கள் கலியாணப் படத்தில்கூட அவள் முகத்தில் அப்படியொரு பெருமை இல்லை.

நோய் போகவில்லை. மருந்தும் நிற்கவில்லை. பின்னேரங்களில் இப்போது பிரார்த்தனையை நான் சொல்கிறேன், அவள் பதில் சொல்கிறாள். “நோயாளிகளின் ஆரோக்கியமே” வந்ததும், அடுத்தது மறக்காவிட்டாலும், அதையே இன்னொரு தடவை சொல்லுவோம். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமும் மனதில் நிற்காத நான், இந்த ஒன்றை அவள் குரலிலிருந்தே படித்து வைத்திருந்தேன் என்று நினைக்கும்போது இன்றும் என் நெஞ்சு நிமிர்கிறது.