டப்பாவில் இறங்கிய கறுப்பு

புருஷன் சிங்காரவேலைவிடத் திலகவதி நான்கு வயது இளையவள். பார்க்கிறவர்கள் யாரும் அதை நம்புவதில்லை. அவர் சுரங்கத்தில் பர்மனன்ட், ஏசி போட்ட கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து வேலை. இவள் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட். தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் மரக்கன்று நட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பொட்டு நிழல் கிடையாது. இத்தனை வருஷத்தில் கண்ணோரமெல்லாம் சுருங்கி, கன்னம் திட்டுத் திட்டாகக் கறுத்துப்போய்விட்டது.

சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணத்தில், அவரோடு ஷிப்ட் பார்க்கிற ஒருவர் இவளைக் கும்பிட்டுவிட்டு, "அம்மாவையும் கூட்டியாந்துட்டீங்களா?" என்று கேட்டார். சிங்காரவேல் சிரித்து மழுப்பிவிட்டுப் பந்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். என் சம்சாரம் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்? வீட்டுக்கு வந்தும் திலகவதிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அன்று ரசத்தில் உப்பே போடவில்லை. மனுஷன் அதையும் வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

மறுநாளே மந்தாரக்குப்பம் மருந்துக்கடையில் ஒரு டப்பா க்ரீம் வாங்கினாள். வெயிலில் கெட்ட தோலுக்கு சி வைட்டமின் க்ரீம் நல்லது, காலையில் பூசுங்கள் என்றார் கடைக்காரர். வெளுக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் அவளுக்கு இல்லை. புருஷனுக்குப் பெண்டாட்டி மாதிரித் தெரிந்தால் போதும். வீட்டில் பூசிவிட்டு, வழியில் தூசிக்கு முகத்தைச் சுற்றித் துண்டைக் கட்டினால் க்ரீம் முழுக்கத் துண்டுக்குத்தான் போகும். அதனால் டப்பாவை வேலையிடத்துத் தகர ஷெட்டிலேயே வைத்தாள். அட்டென்டன்ஸ் போட்டதும் அங்கேயே பூசிக்கொள்வாள்.

கொஞ்ச நாளில் வெள்ளைக் க்ரீம் பழுப்பானது. கூட வேலை செய்யும் செங்கமலம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒம் மூஞ்சி கறுப்பெல்லாம் டப்பாவுல எறங்கிக்கினு வருதுடி" என்றாள். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். திலகவதிக்கு ஒரே சந்தோஷம். டப்பா கறுக்கக் கறுக்க இன்னும் அள்ளிப் பூசினாள். கன்னம் எரிய ஆரம்பித்தபோதுகூட, கறுப்பு வேரோடு கிளம்புகிறது என்றுதான் நினைத்தாள்.

எரிச்சல் தாங்க முடியாமல் போனபோது சிங்காரவேல் வண்டியில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மா டப்பாவைத் திறந்து பார்த்து, என்ன வேலை, டப்பாவை எங்கே வைத்திருந்தாய் என்று விசாரித்தார். சூட்டில் வைத்ததால் கெட்டுப்போய்விட்டது, நல்ல க்ரீமாக இருந்தாலும் நாள் முழுக்க வெயிலில் நின்றால் பெரிதாக ஒன்றும் செய்யாது என்றார். பிறகு சிங்காரவேல் பக்கம் திரும்பினார்.

"ஒங்க அம்மாவ இந்த வயசுல எதுக்கு சார் வெயில்ல வேலைக்கு அனுப்புறீங்க?"

"இனிமே அனுப்பல டாக்டர்" என்றார் சிங்காரவேல்.

திலகவதிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "இவங்க அம்மா செத்து ஆறு வருஷமாவுதுங்க. நான் இவரு பொண்டாட்டி" என்றாள். டாக்டரம்மா தடுமாறி மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போது, நான் சொல்லத்தான் வாயெடுத்தேன், அதுக்குள்ள நீ முந்திக்கிட்ட என்றார் சிங்காரவேல். திலகவதி வண்டியில் ஏறவில்லை. முந்தானையால் முகத்தை மூடவும் இல்லை. உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.