விளக்கு நூர்ந்த தோட்டத்தில் ஒரு சொல்

தாம்பரத்துக்கு வந்த இரண்டாம் கிழமை, நான் அறை எடுத்திருக்கும் வீட்டின் எஸ்தர் அக்கா, "சார் உன்கிட்ட ஏதோ பேசணும்னாரு" என்றார். யாழ்ப்பாணத்தில் நாம் ஒருவரோடொருவர் கதைப்போம். பேசுவது என்றால் ஏசுவது. என்ன பிழை விட்டேன் என்று மாலைவரை எண்ணி எண்ணிப் பார்த்தேன். ரயில்வே அலுவலகத்திலிருந்து திரும்பிய அவர் கணவர் பேசியது இவ்வளவுதான்: "சனிக்கிழமை எனக்கு டியூட்டி. நீ அக்காவோட, ரூபியோட போய் மியூசிக்கல் ஃபவுண்டன் பாத்துட்டு வாம்மா. எந்நேரமும் புக்குலயே தலையை விட்டுக்கிட்டு இருக்க."

ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வேற்றுமொழி நாட்டுக்குப் போகிறவர்கள் அகராதியோடு போகிறார்கள். தமிழ் இலக்கியம் படிக்கத் தமிழ்நாட்டுக்கு வந்த எனக்கு அது வேண்டியிராது என்று நம்பினேன். அந்த நம்பிக்கைதான் என்னை அடிக்கடி இடறிவிடுகிறது. அந்தச் சனிக்கிழமை வெறும் இடறல் அல்ல.

பல்லாவரத்தில் இறங்கிச் சற்றுத் தூரம் நடந்தால் வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டம் ஒன்று வரும். பெரிய தூங்குமூஞ்சி மரங்கள், துருவேறிய இரும்பு வேலி, நடுவில் கல் கட்டிய வட்டத் தடாகம். அதற்குள் குழாய்களும் வண்ண விளக்குகளும் பொருத்தி, ஒலிபெருக்கியின் இசைக்கு ஏற்ப நீர் எழுந்து ஆடும்படி செய்திருக்கிறார்கள். தடாகத்தைச் சுற்றி நெருக்கமான கூட்டம். அக்காவின் ஐந்து வயது மகள் ரூபி என் விரலைப் பிடித்திருந்தாள். "சிலோன் அக்கா, லைட்டெல்லாம் ஆஃப் பண்ணிடுவாங்க. பயந்துடாதீங்க, என்ன?" என்று எனக்குத் தைரியம் சொன்னாள். எஸ்தர் அக்கா சிரித்தார்.

விளக்குகள் ஒருசேர நூர்ந்தன. இருட்டில் கூட்டம் ஓவென்று கூவியது, விசில் பறந்தது. மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானம் ஒன்று மரங்களின் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போனது.

எனக்கு ஆறு வயதாயிருந்தபோது நாங்கள் கொழும்பில் இருந்தோம். ஒரு வைகாசி மாலை, அப்பா எழுந்து வீட்டு விளக்குகளையெல்லாம் நூர்த்தார். தமிழர் வீடுகளைத் தேடி வந்த கூட்டமொன்று தெருமுனையில் கூவுவது கேட்டது. அம்மாவின் உள்ளங்கை என் வாயை மூடியிருந்தது. அதில் வெங்காய மணம். யன்னல் கண்ணாடி மெல்லச் சிவந்தது. எங்கள் வீட்டைக் கடந்து போனார்கள். அடுத்த வீட்டைக் கடக்கவில்லை. பிறகு அகதிகளை ஏற்றிய கப்பலில் யாழ்ப்பாணம் வந்தோம். அன்றிலிருந்து, இருட்டில் ஆரவாரம் செய்யும் மனிதர்கள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள் என்பதை என் அறிவு ஏற்றாலும் உடம்பு ஏற்பதில்லை.

தடாகத்தில் முதலில் எழுந்தது சிவப்பு நீர். அதன் ஒளியில் நூறு முகங்கள் சிவந்தன. கூட்டம் முன்னே நெருக்கியது. எஸ்தர் அக்கா எங்களைவிட்டு இரண்டு ஆள் தூரம் தள்ளப்பட்டார். நான் ரூபியைத் தூக்கிக்கொண்டு கத்தினேன்: "அக்கா, காணும்! காணும், அக்கா!"

போதும் என்பதற்கு நாம் சொல்லும் சொல் அது. இங்கே அப்படி ஒரு பொருள் அதற்கு இல்லை. ஒலிபெருக்கியின் இரைச்சலில் எஸ்தர் அக்காவின் காதில் விழுந்தது 'காணோம்'.

"ஐயோ, ரூபி! என் புள்ளயக் காணோமே!" என்று அலறியபடி அவர் தடாகத்தை நோக்கிப் பாய்ந்தார். யாரோ தண்ணீரில் குதித்தார்கள். "கொயந்தயக் காணோமாம்" என்ற பேச்சு வாய்க்கு வாய் தாவியது. நான் கூப்பிட்ட குரலை இசை விழுங்கியது. ரூபி வீறிட்டு அழத் தொடங்கினாள். இருட்டைவிட்டு வெளியே வந்தால் போதுமென்று வாசல் பக்கம் திரும்பினேன். ஒரு கை என் முழங்கையைப் பற்றியது.

"இன்னாமே, யார் வூட்டுக் கொயந்த இது? எங்க தூக்கிகினு போற?"

"என்ர பிள்ளை இல்லை. அக்காவின்ர. அவ அங்கால நிக்கிறா…"

"இன்னா சொல்றா பாரு. தமிழே வர்ல!"

"மலையாளத்துக்காரிப்பா. புள்ள புடிக்கிறவ. வுடாத!"

என்னைச் சுற்றி வட்டம் இறுகியது. ஒருவர் ரூபியை என்னிடமிருந்து பிடுங்க இழுத்தார், நான் விடவில்லை. வாயைத் திறந்தால் என் தமிழே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்பது புரிந்தது. அதனால் மௌனமானேன், மௌனம் இன்னும் பெரிய குற்றமாயிற்று. இம்முறை என் வாயை யாரும் மூடவில்லை. நானேதான் மூடிக்கொண்டேன்.

ரூபிதான் விக்கலுக்கிடையே கத்தினாள்: "விடுங்க! இது எங்க சிலோன் அக்கா!"

"சிலோனா? ரேடியோல பேசுமே, அந்த சிலோனா?" என்று கேட்டார் ஒருவர். இரண்டொருவர் சிரித்தார்கள். பிடி தளர்ந்தது. அழுகுரலைத் தொடர்ந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த எஸ்தர் அக்கா பிள்ளையை வாரி எடுத்தார். அவர் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"கையிலயே வச்சுக்கிட்டு ஏம்மா காணோம்னு கத்தின?"

"காணும் எண்டுதான் சொன்னனான், அக்கா. போதும் எண்டு."

அவர் முகத்தில் கோபம் வந்து, பாதியில் நின்று, வேறெதுவோ ஆனது. "போதும்னா போதும்னு சொல்லக் கூடாதா?" என்றார், அழுகை கலந்த குரலில். பின்னால் நீர் பச்சையாகி நீலமாகிக்கொண்டிருந்தது. நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சொல்லியிருக்கலாம். வகுப்பில், கடையில், மேசையில் எல்லாம் நான் 'போதும்' என்றுதான் சொல்கிறேன், பிழையில்லாமல் சொல்கிறேன். ஆனால் அச்சம் என்னைப் பிடித்தபோது நான் கற்றுக்கொண்ட சொல் வரவில்லை. என்னோடு பிறந்த சொல்தான் வந்தது. அது ஒரு தாயைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டது. அடுத்த முறை அஞ்சும்போது என்ன சொல்லிக் கத்துவேன் என்பது எனக்குத் தெரியாது.

ரயிலில் இடம் கிடைத்தது. குரோம்பேட்டை தாண்டுமுன் ரூபி உறங்கிப்போனாள். எஸ்தர் அக்கா அவள் தலையை மெல்லத் தூக்கி என் மடியில் வைத்தார். ஆனால் அவளது கணுக்காலைத் தன் கையிலிருந்து விடவில்லை. அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்திலும் விடவில்லை. நானும் அசையவில்லை. தாம்பரம் வந்தது; குழந்தையை எழுப்ப வேண்டும். 'எழும்பு' என்பதா, 'எந்திரி' என்பதா என்று தெரியாமல், அவள் தோளை மட்டும் தொட்டேன்.