நேராக வராத கண்

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பேய், பிசாசு என்று பேச்சு எடுத்தாலே எழுந்து போகிறவன் நான். எண்பதுகளில் அம்பத்தூரில் ஸ்டுடியோ வைத்திருந்தேன், அடையாளம் தெரியாத பிணம் கிடைத்தால் படம் எடுக்க போலீஸ் என்னைத்தான் கூப்பிடும், அத்தனை பிணங்களில் ஒன்றுகூட என் கனவில் வந்ததில்லை.

அயனம்பாக்கம் ஏரியில் ஒரு ஆள் செத்து மிதந்தார். முகம் உப்பிப்போய், இமை இரண்டும் ஒட்டிக்கொண்டு, திறக்கவே முடியவில்லை. அப்படியே எடுத்தேன். புருஷனைக் காணோம் என்று அலைந்துகொண்டிருந்த ஆவடிப் பெண் ஒருத்தி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இவர் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

ஏட்டு கடைக்கு வந்தார். "இன்னாபா, கண்ண மூடிக்கினு கீறான், யாரு அடையாளம் சொல்லுவா? நாளைக்கு அனாதைப் பொணம்னு பொதைச்சிடுவாங்க. கண்ணு போட்டுக் குடு."

செத்தவர் படத்துக்குக் கண் திறந்து கொடுப்பது எங்கள் தொழிலில் சகஜம்தான், நெகட்டிவின் மேல் பென்சிலால் போடுவோம். போட்டேன். பிரிண்ட் எடுத்தால் இடது கண் மாறுகண்ணாக வந்தது. துடைத்துவிட்டு மறுபடி போட்டேன், மறுபடியும் அதே மாறுகண். எத்தனையோ பேரின் மாறுகண்ணை நேராக்கிக் கொடுத்த கை இது, கை நடுங்கியிருக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள்! வெறுத்துப்போய் அப்படியே கொடுத்தனுப்பினேன்.

சாயங்காலம் அந்தப் பெண் படத்தோடு வந்து நின்றாள். அழவில்லை, என்னை முறைத்தாள்.

"எங்க ஊட்டுக்காரருதான். இந்தக் கண்ணு உனுக்கு எப்பிடிண்ணே தெரியும்? கல்யாண போட்டோல கூட ஸ்டுடியோக்காரன் நேராக்கிட்டான். அது என் கண்ணே இல்லன்னு அவன்கிட்ட சண்டைக்கிப் போனாரு."

அவள் சொன்ன முழங்கால் தழும்பும் ஒத்துப்போனது. உடலை வாங்கிப் போய்த் தன் கையாலேயே மண் போட்டாள். எனக்கு அதில் இன்றைக்கும் நிம்மதிதான், யார் என்ன சொன்னாலும்.

தொண்ணூறுகளில் கடையை மூடும்போது அந்த நெகட்டிவ் கையில் கிடைத்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். வலது கண் அழிந்து, மூடிய இமை தெரிந்தது. இடது கண் போகவில்லை. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. நம்பவில்லையா? நெகட்டிவ் வீட்டில்தான் இருக்கிறது, பஞ்சும் ஸ்பிரிட்டும் நானே தருகிறேன், வந்து துடைத்துப் பாருங்கள்.