கட்டில் கம்பியில் கட்டிய துண்டு

போன வருடம் ஆடித்தபசுத் திருவிழா முடிந்து, வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஊர் திரும்பிய மறுநாள் அது. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு நடுவில் நின்று சுற்றிப் பார்த்தேன். எனக்கே மலைப்பாக இருந்தது. காலி அட்டைப்பெட்டிகள், கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, யார் கொடுத்தது என்றே தெரியாத எவர்சில்வர் டப்பாக்கள், கிழியவும் கிழியாத உடுத்தவும் உடுத்தாத சேலைகள். விருந்தாளிக்கு ஒரு பாய் எடுக்க மூன்று மூட்டையை நகர்த்தியிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கென்று செல்போனில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. வீட்டை ஒரே நாளில் ஒழுங்குபடுத்த நினைக்காதீர்கள், தினமும் பத்து நிமிடம், ஒரே ஒரு மூலை போதும் என்றார்கள். ஒன்றை நினைத்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. மத்தியானம் அவள் தூங்கும் நேரம்தான் என் நேரம். பத்து நிமிடத்துக்கு அலாரம் வைப்பேன். பொருட்களை வேண்டும், வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்று மூன்றாகப் பிரிப்பேன். வேண்டாதது பழைய சாமான்காரருக்குப் போகும். அப்புறம் பார்க்கலாம் என்பதை எல்லாம் சாக்கில் கட்டி, பின்அறையில் மாமாவின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். மூன்று வகையில் அதுதான் அதிகம் சேர்ந்தது.

மாமா என்றால் என் மாமனார். நாற்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் மிச்சம். அதில் ஒரு செம்பு மோதிரம் கிடக்கும். அதால் இரும்புக் கட்டிலின் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர், இரண்டு தட்டினால் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. வீட்டிலேயே அவர் அறைதான் குளிர்ச்சி என்பதால், கட்டிலை ஒட்டித் தரையில் பாய் விரித்துத்தான் மகளைத் தூங்க வைப்பேன்.

நான்காம் நாள் அடுப்படியில் அரிசி டிரம்மை நகர்த்தினேன். பின்னால் காய்ந்த பாம்புச் சட்டை ஒரு முழம் கிடந்தது. உடம்பெல்லாம் கூசிப் போய்விட்டது. கடையநல்லூரில் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் என் கணவருக்குப் போன் போட்டேன். தகடு செலுத்திவிடு என்றார். எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பாம்பு உருவம் பதித்த தகடு ஒன்றை வாங்கி அம்மன் கோவில் உண்டியலில் செலுத்தினால், அந்த உயிர் நம்மை அண்டாது. சாயங்காலமே போய்ச் செலுத்தி, புற்றுமண் வாங்கி வந்து மாமாவின் நெற்றியிலும் மகளின் நெற்றியிலும் இட்டேன்.

“தகடு செலுத்தியாச்சுல்லா, இனி அது இந்தப் பக்கம் வராது. நீ பயப்படாம இரி” என்றார் கணவர். நானும் நிம்மதியாகிவிட்டேன். வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று அடுத்த மூலைக்குப் போய்விட்டேன். அம்மன் மேல் குறை சொல்ல மாட்டேன். என் வேலையையும் அவள் தலையில் கட்டியது நான்தான்.

ஒரு வாரம் கழித்து, குளியலறைக்குப் பக்கத்து இடுக்கைச் சுத்தம் செய்தபோது இன்னொரு சட்டை கிடைத்தது. இது காயவில்லை. தொட்டால் மெத்தென்று, லேசான ஈரமாக இருந்தது. எங்கிருந்தோ எலி இழுத்து வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதைக் காகிதத்தில் சுருட்டி வெளியே போட்டேன். கணவரிடம் சொல்லவும் இல்லை.

அந்த வாரத்தில்தான் மாமா தட்ட ஆரம்பித்தார். ஒரு தட்டும் இல்லை, இரண்டு தட்டும் இல்லை. நிற்காமல் தட்டிக்கொண்டே இருப்பார். மகளைப் பாயில் போட்டதும் ஆரம்பிக்கும். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் நின்றுவிடும். தண்ணீர் கொடுத்தால் வாயை மூடிக்கொள்வார். கண் மட்டும் கீழே கீழே போகும். கட்டிலுக்கடியில் சாக்குகளோடு கிடக்கும் அவருடைய பழைய பெட்டியை நான் தூக்கிப் போட்டுவிடுவேன் என்று கோபமோ என்று நினைத்தேன். “உங்க பெட்டி கட்டிலுக்கடியிலதான் இருக்கு மாமா, நான் ஒண்ணும் தூக்கிப் போடல” என்று சத்தமாகவே சொன்னேன். அவர் கண்ணில் நீர் வந்தது. அதையும் கோபம் என்றே எடுத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிப் புலம்பினேன். “தறி ஓட்டுன கையாக்கும், சும்மா கெடக்குமா?” என்றாள். எனக்கும் அது சரியாகப் பட்டது. ஆனாலும் ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய், பக்கத்துத் தெருத் தறிச் சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கியது. தெருவே செத்துக் கிடக்க, எங்கள் பின்அறையில் மட்டும் ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது. போய் நின்றேன். மாமா என்னைப் பார்க்கவில்லை. தூங்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தார். மோதிர விரலில் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் செய்தது வேறு. பிள்ளை தூக்கம் கெடுகிறது, அவர் விரலும் புண்ணாகிறது என்று, வேண்டாத துணியில் இருந்து ஒரு பழைய துண்டை எடுத்துக் கட்டில் கம்பியில் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். மோதிரத்தையும் கழற்றி வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட்டேன்.

மறுநாள் முன்அறை அலமாரி. அதோடு வீடு முழுக்க முடிந்தது, பின்அறை மட்டும்தான் பாக்கி. நல்ல திருப்தியோடு தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. தறிகள் நின்றன. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு சத்தம், கம்பியில் தட்டுவது போல் இல்லை. ஈரத் துணியைத் தரையில் அடிப்பது போல, மெதுவாக, விட்டுவிட்டு.

பின்அறைக்குப் போனேன். மாமா பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தார். இடது உள்ளங்கையால் தரையை அடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கைக்கு இந்தப் பக்கம் என் மகள் தூங்குகிறாள். அந்தப் பக்கம், சாக்குகளுக்கு நடுவே இருந்து ஒரு முழம் எழும்பி, படம் விரித்து அசையாமல் நின்றது நல்ல பாம்பு. அது பிள்ளையைப் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

பாயோடு சேர்த்துப் பிள்ளையை இழுத்தேன். முன்அறையில் போட்டுவிட்டு வந்து, மாமாவை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினேன். அதுவரை அவர் அடிப்பதை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்த்தபோது பாம்பைக் காணோம். சாக்கு ஒன்று மட்டும் மெல்ல அசைந்து நின்றது.

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அக்காவும் அவள் மகனும் ஓடி வந்து, மாமாவைக் கட்டிலோடு வெளியே தூக்கினார்கள். தீயணைப்பு நிலையத்தில் இருந்து வந்தவர் ஒவ்வொரு சாக்காக இழுத்துப் பார்த்தார். கடைசிச் சாக்குக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. பிடித்து முடித்ததும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். அவர் துண்டு கட்டிய கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

“ஒவ்வொரு மூலையா நீங்க கலைக்கக் கலைக்க, அது உள்ள உள்ள போயிருக்கு. தரை அதிர்ந்துக்கிட்டே இருந்தா வெளிய தலை நீட்டாதும்மா. அண்ணாச்சி அதைப் பாத்துட்டு அதுக்குத்தான் தட்டிருக்காரு” என்றார்.

ராத்திரி கணவர் வந்தார். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் துண்டின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தேன், அவிழவில்லை. கத்தரிக்கோல் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். மாமாவின் உள்ளங்கை வீங்கிப்போயிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மோதிரத்தை அன்றே திரும்பப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவர் தண்ணீருக்கு ஒன்று, ஒன்றுக்குப் போக இரண்டு, அவ்வளவுதான் தட்டுகிறார். தினமும் பத்து நிமிடம் இன்னும் உண்டு. ஆனால் அலமாரியைத் தொடுவதற்கு முன்னால் அவர் கட்டிலோரம் உட்கார்ந்து, அவர் கண் போகும் இடத்தை எல்லாம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். மத்தியானம் கரண்ட் போய்த் தறிகள் நின்றால் இப்போதும் என் காது தானாகப் பின்அறைக்குப் போய்விடுகிறது. வேண்டாதது எது என்று ஒரு நொடியில் முடிவு செய்கிறவள் நான், என் பிள்ளைக்குக் காவலாக இருந்த ஒரே சத்தத்தை அல்லவா வேண்டாதது என்று கட்டிப்போட்டேன் என்ற நினைப்பு அந்த நிசப்தத்தில் வந்து என்னை உலுக்கிவிடுகிறது.