பார்ட்டிக்கு முன்னால் பேசிய தமிழ்

பினாயில் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்யப் போகும். நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்த அந்தக் கோடையில், ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வாசனை வந்தால் "பார்ட்டி" வருகிறது என்று அர்த்தம். தெலுங்கு ஊரில் இருந்த எங்கள் மாரெட்பள்ளி வீட்டை விலைக்குப் பார்க்க யாரோ வருகிறார்கள், நானும் தம்பியும் வெளியே விளையாடப் போகக் கூடாது, உள்ளேயும் விளையாடக் கூடாது, தலைவாரிப் பவுடர் பூசிக்கொண்டு நல்ல பிள்ளைகளாகக் காட்சி தர வேண்டும்.

ஊரின் மறுகோடியில், குகட்பள்ளியில் அப்பா ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தார். மாசக் கடைசிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அது வேறு யாருக்காவது போய்விடும், முன்பணமும் முழுசாகத் திரும்பாது. இந்த வீடு விற்றால்தான் அந்த மீதி. இதில் வேடிக்கை, கழுத்துவரை அவசரத்தை வைத்துக்கொண்டு அவசரமே இல்லாதவர்கள் மாதிரி நாங்கள் நடிக்க வேண்டியிருந்தது. அது பெரியப்பாவின் உத்தரவு. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அவர்தான் வெங்காயத்திலிருந்து கல்யாண மண்டபம்வரை எங்கள் குடும்பத்துக்கே பேரம் பேசுகிறவர். விலையைக் குறைத்துக் கேட்கும் புரோக்கரை, வேண்டாம் என்பதற்கு அந்த ஊர் உருதில் சொல்கிற "நக்கோ" என்ற ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிவிடுவார். "அவசரம்னு தெரிஞ்சுது, அடிமாட்டு விலைக்குக் கேப்பான்" என்பார். அதனால் ஒரு சாமானையும் மூட்டை கட்டக் கூடாது. நான் ஆசையாகக் கட்டிவைத்த புத்தகப் பெட்டியை அம்மா பிரித்து அலமாரியில் அடுக்கிவிட்டாள். போகிறோமா இருக்கிறோமா என்று தெரியாமல், நகத்தைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

பெரியப்பாவிடம் இன்னோர் ஆயுதம் இருந்தது, அது தமிழ். வந்தவர்கள் எல்லோரும் தெலுங்குக்காரர்கள். அவர்கள் எதிரிலேயே, டீ கொண்டுவரச் சொல்கிறவரைப் போன்ற முகத்தோடு, "இவன் இன்னும் ஏறுவான், நீ வாயத் தொறக்காத" என்று அப்பாவிடம் தமிழில் சொல்வார். அப்பாவும் டம்ளரைப் பார்த்தபடி தலையாட்டுவார். கேட்டுக்கொண்டிருக்கும் எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசும்.

அந்த மாசத்தின் கடைசி ஞாயிறன்று, முந்தின வாரம் வந்துபோன ஒரு தம்பதி மறுபடி வந்தார்கள். அந்த மனிதர் தான் சொன்ன விலையிலேயே ஆணி அடித்தாற்போல நின்றார். டீ ஆறியது. பேச்சும் ஆறிக்கொண்டே வந்தது. கடைசியில் பெரியப்பா, முகத்தில் ஒன்றும் காட்டாமல், அப்பாவிடம் தமிழில், "சரி, எறங்கிடலாம்பா. புதன்கிழமைக்குள்ள ஃபிளாட்டுக்காரனுக்குக் கட்டணுமே" என்றார்.

தம்பிக்கு அப்போது ஆறு வயது. தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் வாயைத் திறந்தால் தெலுங்குதான் வரும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. அவன் துள்ளி எழுந்து, புதன்கிழமை பணம் கட்டினதும் புது வீட்டுக்குப் போய்விடலாமா என்று, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சுத்தமான தெலுங்கில் கேட்டான்.

பெரியப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. வந்தவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, அதுவரை சொன்ன விலையிலிருந்தும் கீழே இறங்கினார். ஃபிளாட் போச்சு என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா அப்போதுதான் கூடத்துக்கு வந்தாள். காய்கறி வண்டிக்காரரிடம் பேசிப் பழகிய தெலுங்கு அவளுடையது. அந்தத் தெலுங்கிலேயே, "ஆமா, எங்களுக்கு அவசரந்தான். உங்களுக்கு மட்டும் இல்லியா? உங்க பொண்ணுக்கு இந்தத் தெரு ஸ்கூல்ல சீட்டு வாங்கியாச்சுன்னு போன வாரம் உங்க வீட்டம்மாதான் சொன்னாங்க. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள உங்களுக்கும் வீடு வேணும்" என்றாள்.

அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தரையைப் பார்த்தாள். அப்புறம் பேச்சு மளமளவென்று நடந்து, நாங்கள் கேட்டதற்குக் கொஞ்சம் கீழே, அவர் சொன்னதற்கு நன்றாக மேலே முடிந்தது. பெரியப்பா அன்றைக்குச் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்; தம்பியை யாரும் இரண்டு சாத்து சாத்தவில்லை என்பதில் அவருக்குக் கோபம்.

இப்போது அதே ஊரில், கச்சிபௌலியில் நானும் என் கணவரும் எங்கள் ஃபிளாட்டை விற்றுக்கொண்டிருக்கிறோம். அவர் தெலுங்குக்காரர். மகனிடம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். அப்பா, அம்மா, பெரியப்பா மூவரும் இல்லை. வெளிநாட்டிலிருக்கும் தம்பி போனில் இன்றைக்கும் தெலுங்குதான் பேசுகிறான். போன சனிக்கிழமை கணவர் ஊரில் இல்லாதபோது ஒரு பார்ட்டி வந்தது. சென்னையிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த இளம் ஜோடி. வாசலில் இருந்த கணவரின் பெயரைப் பார்த்து என்னையும் தெலுங்குக்காரி என்றே நினைத்துவிட்டார்கள். அந்தப் பையன் என்னிடம் இங்கிலீஷில் வெகு கறாராக ஒரு விலை சொன்னான். அவன் மனைவி சிரித்த முகம் மாறாமல், என் எதிரிலேயே அவனிடம் தமிழில், "ரொம்ப இழுக்காதப்பா, எனக்கு இந்த வீடு அவ்ளோ பிடிச்சிருக்கு" என்றாள்.

பெரியப்பாவாக இருந்தால் அந்த நிமிஷமே விலையை ஏற்றியிருப்பார். அம்மாவாக இருந்தால் எனக்கும் தமிழ்தான் என்று சொல்லியிருப்பாள். உண்மையில் அவன் சொன்ன விலையே எனக்குச் சம்மதம். ஆனால் சரி என்று சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். தமிழ் தெரியும் என்று சொன்னால் இப்படிப் பேசமாட்டார்கள். என் வீட்டுக் கூடத்தில் இரண்டு பேர் தமிழில் பேசிக்கொண்டு எத்தனை காலமாயிற்று. இந்த விலைக்குக் கட்டாது என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அவர்களுக்கு இன்னொரு தடவை காபி போட எழுந்தேன்.