படி வேண்டாம் என்று எழுதினால் படி வரும்

காளவாசலில் ஒரு டிசைன் ஆபீசில் சேர்ந்த புதிதிலேயே எனக்கு வேலை போகும் நிலைமை வந்தது. கட்டப்போகும் வீடு எப்படி இருக்கும் என்று ஏஐக்கு ஆங்கிலத்தில் பிராம்ப்ட், அதாவது படத்தில் என்ன வர வேண்டும் என்ற விவரம், எழுதிப் படம் எடுப்பதுதான் என் வேலை.

அன்று அலங்காநல்லூர் பக்கமிருந்து செல்வராணி அக்கா வந்திருந்தார். வீட்டின் முகப்புப் படம் அவருக்குப் பிடித்திருந்தால்தான் அந்த வீட்டைக் கட்டும் வேலை எங்களுக்கு. ஓனர் வேல்முருகன் அண்ணன் காலையிலேயே சொல்லிவிட்டார்: "மாப்ள, அக்கா திருப்தியாப் போனா நீ பெர்மனென்ட். இல்லைன்னா உனக்கு வேற எடம் நானே பாத்து விடுறேன்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தெரிந்த பெரிய ஆங்கில வார்த்தையெல்லாம் கொட்டினேன். லக்சூரியஸ், எலிகன்ட், ராயல் இந்தியன் ஹவுஸ். வந்தது ராஜஸ்தான் அரண்மனை.

"தம்பி, உள்ள போக டிக்கெட் எம்புட்டு?" என்றார் அக்கா.

அவருக்கு வேண்டியது வேறு. "ஜல்லிக்கட்டுக்குக் கெளம்பும்போது எங்க காளை கருப்பனுக்குப் போர்டிகோவுலதான் பூஜை. படி இருந்தா காலு இடறும். வழுக்குற டைல்ஸும் ஆகாது."

படி வேண்டாம், பளபளக்கும் டைல்ஸ் வேண்டாம் என்று எழுதினேன். படத்தில் மூன்று படி வந்தது. 'கண்டிப்பாகப் படி வேண்டாம்' என்று அழுத்தி எழுதினேன். படி ஏழானது. தரை கண்ணாடியாக மின்னியது.

"ஏந்தம்பி, நான் வேணும்னா சொன்னேன்?"

"வேணாம்னுதான்க்கா சொன்னீங்க. நானும் அதைத்தான் எழுதுறேன்."

"அப்ப இது எங்க வீட்டுக்காரர் மாதிரி. முருங்கைக்கா வேணாம்னா கட்டுக் கட்டா வாங்கிட்டு வருவாரு."

அண்ணன் சிரிக்கவில்லை. "அவரை எப்படிக்கா சமாளிப்பீங்க?" என்று கேட்டுவைத்தேன்.

"கத்திரிக்கா வாங்கிட்டு வாங்கம்பேன். முருங்கைக்கா பேச்சையே எடுக்க மாட்டேன்."

எனக்குப் பொறி தட்டியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்: தெருவிலிருந்து போர்டிகோவுக்கு மெல்ல ஏறும் அகலமான சாய்தளம். சொரசொரப்பான சாம்பல் நிறக் கருங்கல் தரை. உயரமான கூரை. இடது பக்கம் வேப்பமரம், அதன் வழியாகக் காலை வெயில். நடுவில் உயர்ந்த திமிலுடன், மாலை போட்ட கருப்புக் காளை. எதிரே தெருவில் நிற்பவரின் கண் மட்டத்திலிருந்து பார்வை. 'படி' என்ற சொல்லே இல்லை. லக்சூரியஸும் இல்லை.

படம் வந்ததும் அக்கா எழுந்தே நின்றுவிட்டார். உடனே வீட்டுக்காரருக்கு வீடியோ கால். "ஏங்க, கருப்பன் புது வீட்டுல நிக்கிறான், பாருங்க!"

அந்தப் பக்கமிருந்து பதறிய குரல்: "கயிறு எங்கடி? எவன்டி அவுத்து விட்டது?"

அப்போதுதான் அண்ணன் சிரித்தார். "அண்ணே, கயிறு நாங்க போட்டுத் தாரோம், வீடும் நாங்களே கட்டித் தாரோம்" என்று போனைப் பார்த்துச் சொன்னார். மறுமுனையில், "சரி, ஆரம்பிங்க" என்றார் அக்காவின் வீட்டுக்காரர். அண்ணன் சாய்தளத்துக்கு அளவு பார்க்க பிளானை விரித்துக்கொண்டே, "மாப்ள, நாளைக்கு வெரசா வந்துரு" என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வேண்டாததன் பேரை எழுதாதீர்கள். அந்த இடத்தில் இருக்க வேண்டியதை எழுதுங்கள். தரை என்ன கல், வெயில் எந்தப் பக்கம், பார்க்கிறவர் எங்கே நிற்கிறார் என்று சொல்லிவிட்டால் போதும், அழகு தானாக வரும். காளை இருந்தால் கயிற்றையும் மறக்காமல் எழுதுங்கள்.