கொமுரய்யா சொல்லாத நிறம்

மூன்றாவது நடை முடிந்தால் கொமுரய்யா கையெழுத்துப் போடலாம். போட்டால் மறுநாளே வண்டி. போடாவிட்டால் இருபத்தாறு வருடம் உட்கார்ந்த இருக்கை இனி அவருடையது இல்லை.

எட்டு மாதம் வண்டி ஓட்டாதவன் பாதையை மறந்திருப்பான் என்பது ரயில்வேயின் விதி. காஜிபேட்டையிலிருந்து வடக்கே போய் நிலக்கரி ஏற்றித் திரும்பும் பாதையில் மூன்று தடவை இன்னொரு ஓட்டுநரின் பக்கத்தில் உட்கார்ந்து போய்வர வேண்டும். பிறகு, பாதையும் அதன் சிக்னல்களும் தெரியும் என்று பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அவருக்கு அமைந்த ஓட்டுநர் தேவேந்தர், நான்கு வருடம் அவரிடமே உதவி ஓட்டுநராக இருந்தவன். இப்போது தேவேந்தருக்கு உதவியாக சௌஜன்யா என்ற இளம்பெண் வந்துகொண்டிருந்தாள். குரல் கணீரென்று இருக்கும்.

சிக்னல் கண்ணில் பட்டதும் எஞ்சினில் இருக்கும் ஒவ்வொருவரும் கையை நீட்டி நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஓட்டுபவர் முதலில் சொல்வார். ஒருவர் தவறை மற்றவர் பிடிப்பதற்காக ஏற்பட்ட முறை. முதல் இரண்டு நடையிலும் கொமுரய்யா அரை மூச்சு பிந்தினார். தேவேந்தர் "கிரீன்" என்பான். சௌஜன்யா "கிரீன்" என்பாள். கடைசியாக இவர்.

"என்ன குருகாரு, எட்டு மாசம் அண்ணி கைச் சாப்பாட்டுல நாக்கு கனத்துப் போச்சா?" என்று தேவேந்தர் சிரித்தான்.

"சார் எங்க சிக்னலைப் பார்க்கறாரு? என் வாயையில்ல பார்க்கறாரு," என்றாள் சௌஜன்யா, சகினாலு முறுக்கு டப்பாவை நீட்டியபடி.

கொமுரய்யா ஒன்றை எடுத்துக் கடித்தார்.

அந்த எட்டு மாதமும் அவருக்கு நுரையீரலில் காசநோய். மாத்திரை நோயைத் தீர்த்தது. ஐந்தாவது மாதம் மனைவி லச்சவ்வா மிளகாய்க் கூடையிலிருந்து பழுத்ததை மட்டும் பொறுக்கித் தரச் சொன்னாள். அவர் பச்சையையும் சேர்த்துப் பொறுக்கினார்.

"ஏமய்யா, கண்ணைக் கழட்டி ஆஸ்பத்திரியிலயே வெச்சுட்டு வந்துட்டியா?"

பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த மகள் ஸ்வரூபா மாத்திரையோடு வந்த தாளைப் படித்தாள். நிறங்கள் மங்கினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தது. அவர் சொல்லவில்லை. சொன்னால் டாக்டர் எழுதுவார். எழுதினால் வண்டி இல்லை.

வேலையில் சேரும் முன் கண் சோதனை. வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டுவார்கள். அப்படி ஒன்றைத் தெரிந்தவரிடம் வாங்கிவந்தார். ஸ்வரூபா பக்கம் திருப்ப, எண்களை வரிசையாகச் சொல்லிப் பழகினார். ஒருநாள் அவள் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். அவர் முதல் பக்கத்து எண்ணைச் சொன்னார். அவள் அவரையே பார்த்தாள். பிறகு முதல் பக்கத்துக்குப் போனாள்.

"வரிசையாவே கேக்கறேன் நாய்னா."

சோதனையில் தேறினார்.

சிக்னல் பக்கத்தில் வந்துவிட்டால் எந்த விளக்கு எரிகிறதென்று உயரத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஆனால் நிலக்கரி ஏற்றிய வண்டி ஐந்தாயிரம் டன். பிரேக் போட்டு நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். அந்தத் தூரத்தில் சிக்னல் வெறும் புள்ளி. முன்பு அதற்கு நிறம் இருந்தது.

மூன்றாவது நடை. திரும்பும்போது பெத்தபல்லியில் வண்டி நின்றதும் தேவேந்தர் இருக்கையை விட்டு எழுந்தான்.

"வாங்கண்ணா. கடைசி நடை. மீதித் தூரம் உங்க கைதான்."

"நீயே ஓட்டுப்பா."

"அட, புது மாப்பிள்ளை மாதிரி கூச்சப்படாதீங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார். கைகளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. முதல் மூன்று சிக்னல்களும் வழக்கமாகப் பச்சை கிடைக்கும் இடங்கள். மூன்றையும் "கிரீன்" என்றார். பின்னாலிருந்து இரண்டு குரல்களும் "கிரீன்" என்ற பிறகே ஒவ்வொரு தடவையும் மூச்சுவிட்டார்.

ஜம்மிகுண்டா தாண்டியதும் மழை பிடித்தது. துடைப்பான் கண்ணாடியில் ஓடியது. வேகம் ஐம்பத்தைந்து. நொடிக்குப் பதினைந்து மீட்டர்.

வளைவு முடிந்ததும் புள்ளி தெரிந்தது. வெளிறிய வெளிச்சம். பச்சையாக இருக்கலாம். மஞ்சளாகவும் இருக்கலாம். மஞ்சள் என்றால் அடுத்தது சிவப்பு. அங்கே ஒரு வண்டி நின்றுகொண்டிருக்கும்.

அவர் கை நீண்டது. வாய் திறக்கவில்லை.

பின்னால் இருவரும் காத்திருந்தார்கள். நூறு மீட்டர் போயிற்று. இன்னொரு நூறு.

"சார்?" என்றாள் சௌஜன்யா.

கொமுரய்யா பிரேக்கைப் போட்டார். பெட்டிகள் ஒன்றையொன்று இடிக்கும் சத்தம் முன்னாலிருந்து பின்னால் ஓடியது.

"அண்ணா! என்னாச்சு? மாடு ஏதாவது குறுக்க வந்துச்சா?"

"சிக்னல் என்ன நிறம்?"

"கிரீன்தானே!"

"பிட்டா, நீ சொல்லும்மா."

"கிரீன் சார்."

வண்டி நின்றது. வாக்கிடாக்கியில் கார்டின் குரல் கேட்டது. "ஏன்யா நிறுத்திட்டீங்க?"

தேவேந்தர் அதை எடுத்தான். "மழை சார், எதுவும் தெரியல. இதோ கிளம்பிடறோம்." கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணா, எனக்கே சரியாத் தெரியல. ஒண்ணும் ஆயிடல. பேசாம கையெழுத்துப் போடுங்க. கண்ணுக்குக் கண்ணாடி அடுத்த மாசம் போட்டுக்கலாம்."

அவன் மனதாரத்தான் சொன்னான். கொமுரய்யா தலையசைக்கவும் செய்தார்.

சௌஜன்யா நகரவில்லை. "சார், நாளைக்கு உங்களோட வண்டியில என்னைப் போட்டா, நான் சொல்றதுக்காகக் காத்துக்கிட்டு இருப்பீங்களா?"

"ஏய், யார்கிட்டப் பேசறே? எனக்கு வண்டி கத்துக்குடுத்தவரு அவரு," என்றான் தேவேந்தர்.

"தெரியும் சார். அதனாலதான் மூணு நடையா கேலியாவே விட்டுட்டேன். நான் தப்பாச் சொன்னா யாரு பிடிப்பாங்க?"

மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது.

"யாரும் பிடிக்க மாட்டாங்க பிட்டா," என்றார் கொமுரய்யா. "கண் சோதனையிலயும் பார்த்துச் சொல்லல. மனப்பாடம்."

தேவேந்தர் அவரைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கொமுரய்யா எழுந்து இருக்கையை அவனுக்கு விட்டார். அதன்பின் காஜிபேட்டை வரை சிக்னலுக்குச் சிக்னல் இரண்டு குரல்கள் மட்டுமே கேட்டன.

அங்கே ஓட்டுநர்கள் கையெழுத்திடும் லாபியில் எழுத்தர் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். கொமுரய்யா கையெழுத்துக் கட்டத்தை விட்டுவிட்டு அதன் ஓரத்தில் எழுதினார்: பாதை தெரியும். சிக்னல் நிறம் தெரியவில்லை.

எழுத்தர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "சார், இப்படியெல்லாம் எழுதக் கூடாது. தெரியும்னா கையெழுத்து, தெரியாதுன்னா காலியா விடணும்."

"காலியா விட்டா நாளைக்கு மறந்துட்டேன்னு நினைச்சுப் போடச் சொல்வீங்க. நானும் போட்டுடுவேன்."

"அப்போ காலை ஆறு மணி வண்டி?"

"என் பேரை எடுத்துடுங்க."

எழுத்தர் பட்டியலில் ஒரு கோடு போட்டார். கொமுரய்யா நகராமல் நின்றார்.

"இன்னும் என்ன சார்?"

"யாரைப் போடப் போறீங்க? இப்பவே சொல்லி அனுப்புங்க. பாவம், தூங்கி எழுந்து வரணும்."